உங்களுக்குத் தெரியுமா? கொல்லும் விதத்தில் இருக்கிறது வீரியம்

கைக்குழந்தையின் தொடையில் போடுகிற முத்தடுப்பு ஊசியில் தொண்டை அடைப்பானும் ரண ஜன்னியும் சாதுவான பங்காளிகள். அவற்றின் நச்சைப் பிரித்தெடுத்து ஃபார்மலினில் ஊறவைத்தால் பாதி வேலை முடிந்தது. மூன்றாவது பங்காளியான கக்குவான் இருமல்தான் நூறு வருஷமாகத் தடுப்பூசி தயாரிப்பவர்களைப் படுத்தி எடுக்கிறது. ஒரே கிருமி, ஒரே புரதம்தான். ஆனால் வளர்த்த விதம், கொன்ற விதம், நச்சு நீக்கிய விதம், பெட்டியில் வைத்த விதம் ஒவ்வொன்றுக்கும் வீரியம் ஏறும், இறங்கும். அந்தக் கதையிலிருந்து சில துணுக்குகள்.

★

கக்குவான் கிருமியை முதன்முதலில் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டியவர்கள் ஜூல்ஸ் போர்டே, ஆக்டேவ் ஜாங்கூ என்ற இரண்டு பெல்ஜியக்காரர்கள். ஆண்டு 1906, இடம் பிரஸ்ஸல்ஸில் இருந்த பாஸ்டர் நிலையம். வழக்கமான ஊட்டக்கூழில் இது வளர மறுத்தது. கூழில் இருக்கும் கொழுப்பு அமிலங்களே இதற்கு விஷம். உருளைக்கிழங்கு, கிளிசரின், ரத்தம் மூன்றையும் சேர்த்துப் புதுக்கூழ் தயாரித்தார்கள், கிருமி வளர்ந்தது. அந்தக் கூழுக்கு இன்றும் இருவர் பெயர்தான். போர்டேவுக்கு 1919-ஆம் ஆண்டின் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அது நோய் எதிர்ப்பு பற்றிய வேறு கண்டுபிடிப்புகளுக்காக!

★

நோயாளியிடமிருந்து புதிதாக எடுத்த கிருமியும், ஆய்வுக்கூடத்தில் வருஷக்கணக்காகத் தட்டு மாற்றித் தட்டு மாற்றி வளர்த்த கிருமியும் ஒன்றல்ல. 1931-இல் லெஸ்லி, கார்ட்னர் என்ற இரு ஆங்கில ஆய்வாளர்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். முதல் நிலையில்தான் நோய் உண்டாக்கும் சரக்கு முழுசாக இருக்கும். நான்காம் நிலையில் வெறும் கூடு. நான்காம் நிலைக் கிருமியில் செய்த ஊசியை எத்தனை முறை போட்டாலும் பலன் இருக்காது. 1931-க்கு முன் சந்தையில் இருந்த பல ஊசிகள் சிலருக்குப் பலித்து, பலருக்குப் பலிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

★

இன்னொரு வேடிக்கை. 37 டிகிரியில் வளர்த்தால் இந்தக் கிருமி நச்சையும் ஒட்டும் புரதங்களையும் வெளியே தள்ளும். 25 டிகிரிக்கு இறக்கினால் அந்தக் கடையையே மூடிவிடும். கூழில் மக்னீசியம் சல்பேட் சேர்த்தாலும் இதே கதைதான். லேசி என்பவர் 1960-இல் இதை விரிவாக எழுதினார். பிஞ்சு நுரையீரலின் சூட்டை உணர்ந்தால்தான் ஆயுதத்தை எடுப்பது என்று கிருமியின் மரபணுவிலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. தொழிற்சாலையின் தொட்டியில் சூடோ உப்போ கொஞ்சம் பிசகினால், கிருமி கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். தடுப்பூசிக்கு வேண்டிய ஆன்டிஜென், அதாவது உடம்பு அடையாளம் கண்டு எதிர்க்கும் புரதம், மட்டும் இருக்காது. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

★

முதல் நம்பகமான தடுப்பூசியைக் கொடுத்தவர்கள் இரண்டு பெண்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், கிராண்ட் ராபிட்ஸ் ஊர். பேர்ல் கெண்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் இருவரும் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். 1932-இல், பொருளாதார மந்தத்தின் நடுவில், தங்கள் வழக்கமான வேலை முடிந்த பிறகு இதில் இறங்கினார்கள். இருமும் குழந்தைகளின் வீடுகளுக்கு மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் போனார்கள். குழந்தையின் வாய்க்கு எதிரே கூழ்த் தட்டைப் பிடிப்பது, இரும வைப்பது, தட்டை மூடி எடுத்துவருவது. அப்படிச் சேகரித்த புதுக் கிருமியைத்தான் வளர்த்தார்கள். அதாவது முதல் நிலைக் கிருமி. கொல்லுவதற்குக் கொதிக்க வைக்கவில்லை. மெர்தியோலேட் என்ற பாதரச மருந்தைச் சேர்த்துக் குளிரில் வைத்து மெதுவாகக் கொன்றார்கள். புரதம் சிதையாமல் கிருமி மட்டும் சாக வேண்டும் என்பதுதான் கணக்கு.

ஊரில் பணம் இல்லை. 1936-இல் அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்தது பெரிய உதவியாயிற்று. பின்னாளில் லோனி கார்டன் என்ற கறுப்பினப் பெண் வேதியியலாளர் சேர்ந்து, ஊசிக்குத் தோதான வீரியமுள்ள கிருமி வகையைத் தேடிப் பொறுக்கி எடுத்தார். இன்று உலகம் முழுக்கப் போடும் முத்தடுப்பு ஊசியின் மூலம் இந்த மூவரின் மேஜைதான். பாடப்புத்தகங்களில் இவர்கள் பெயரைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. இது அநியாயம் என்பது என் கட்சி.

★

ஊசிக்கு வீரியம் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? கெண்ட்ரிக் 1947-இல் ஒரு வழி சொன்னார். கேட்டால் கொஞ்சம் கொடூரமாக இருக்கும். எலிகளின் வயிற்றில் தடுப்பூசி போட வேண்டும். 14 நாள் கழித்து உயிருள்ள கக்குவான் கிருமியை நேராக மூளைக்குள் செலுத்த வேண்டும். அடுத்த 14 நாள் எத்தனை எலி பிழைக்கிறது என்று எண்ண வேண்டும். முதல் மூன்று நாளில் சாகும் எலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை; அது ஊசி குத்தியதில் செத்திருக்கலாம். கிடைத்த எண்ணிக்கையைச் சர்வதேச மாதிரித் தடுப்பூசியோடு ஒப்பிட்டு அலகு போடுவார்கள். ஒரு டோஸில் குறைந்தது 4 சர்வதேச அலகு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி.

கக்குவான் நோய் மனிதனுக்கு வருவது மூச்சுக்குழாயில். சோதனை நடப்பது எலியின் மூளையில். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். விஞ்ஞானிகளும் கேட்டார்கள். ஆனால் 1946 முதல் பிரிட்டனில் குழந்தைகளிடம் நடந்த களச் சோதனைகளில், எந்த ஊசி நன்றாகக் காத்ததோ அதுவே எலி மூளைச் சோதனையிலும் நல்ல மதிப்பெண் வாங்கியது. பொருந்தி வந்ததால் விதியாகிவிட்டது. ஏன் பொருந்தியது என்பதற்குத் திருப்தியான விளக்கம் அன்று யாரிடமும் இல்லை.

★

முழுக் கிருமித் தடுப்பூசியின் ஒரு டோஸில் எத்தனை செத்த கிருமி இருக்கலாம்? கலங்கல் அளவை வைத்துக் கணிக்கிறார்கள்; உச்சவரம்பு 20 கலங்கல் அலகு. ஏறத்தாழ 2,000 கோடி கிருமிகள்! அளவோ வெறும் அரை மில்லி.

★

அதே ஊசி குழந்தைக்குத் தீங்கு செய்யுமா என்பதற்கும் எலிதான். ஊசி போட்ட எலியின் எடையைப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் பழைய எடைக்குத் திரும்பி, ஏழாம் நாள் ஊசி போடாத எலிகளோடு ஓரளவு சேர்ந்து ஏறினால் பாஸ். ஏறாவிட்டால் அந்தத் தொகுதி முழுக்கக் குப்பைக்கு.

★

56 டிகிரியில் சூடாக்கினால் கிருமி சாகும். அதன் நச்சுகளில் ஒன்றான தோலழுகல் நச்சும் செயலிழக்கும். ஆனால் வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் எண்டோடாக்சினை அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. ஊசி போட்ட அன்று ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல், தொடையில் வீக்கம், விடாத அழுகை எல்லாவற்றிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் உள்ள புட்டன்டான் நிலையம், கிருமியை வளர்த்த பிறகு ஒரு கரைப்பானில் கழுவி எண்டோடாக்சினில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, மற்ற ஆன்டிஜென்களை அப்படியே தக்கவைக்கும் முறையை உருவாக்கியது. செலவு அதிகம் ஏறாமல் ஊசியைச் சாதுவாக்கும் யோசனை. நம்மைப் போன்ற நாடுகளுக்கு ஏற்ற புத்தி இது.

★

கக்குவானின் தலையாய ஆயுதம் பெர்டுசிஸ் நச்சு. ஆறு துண்டுகள் கூடிய புரதம். ஐந்து துண்டுகள் சேர்ந்து நம் செல்லைப் பற்றிக்கொள்ளும்; ஆறாவது உள்ளே நுழைந்து செல்லின் தகவல் தொடர்பைக் கெடுக்கும். ரத்தத்தில் வெள்ளையணு தாறுமாறாக ஏறுவது இதன் கைங்கரியம். இந்தப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக வேண்டும். ஆனால் இது விஷமாக இருக்கக் கூடாது. தடுப்பூசித் தொழிலின் மொத்தத் தலைவலியும் இந்த ஒரு வரிதான்.

★

நச்சை நீக்க நூறு வருஷமாகக் கைகொடுக்கும் பொருள் ஃபார்மலின். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவது மாதிரி இதிலும் பதம் முக்கியம். குறைவாகச் சேர்த்தால் விஷம் மிச்சம் இருக்கும். அதிகமானால் புரதம் இறுகிப்போய், அதன் மேல் இருந்த அடையாளங்கள் மறைந்துவிடும். அந்த அடையாளங்களைப் பார்த்துத்தான் நம் உடல் ஆன்டிபாடி தயாரிக்கிறது. அடையாளம் மாறிவிட்டால், உடல் தயாரிக்கும் ஆன்டிபாடியில் ஒரு பகுதி, ஊசியில் வந்த புரதத்தைப் பிடிக்கும். நிஜக் கிருமியின் நச்சைப் பிடிக்காது.

இதில் இயற்கை செய்த குசும்பு ஒன்று உண்டு. ஃபார்மலின் முக்கியமாகக் கைவைப்பது லைசின் என்ற அமினோ அமிலத்தில். பெர்டுசிஸ் நச்சின் விஷத் துண்டில் லைசின் ஒன்றுகூடக் கிடையாது! நம் செல்லுக்குள் சிதைக்கப்படாமல் தப்பிப்பதற்காகக் கிருமி அப்படி வடிவமைத்துக்கொண்டிருக்கிறது. அதன் பலனாக ஃபார்மலினுக்கும் அது சுலபத்தில் மசிவதில்லை. இறுகுவதெல்லாம் பக்கத்துத் துண்டுகள்.

★

எனவேதான் சிலர் ஃபார்மலினை மட்டும் நம்புவதில்லை. குளுட்டரால்டிஹைடு சேர்ப்பவர்கள் உண்டு. டென்மார்க் ஹைட்ரஜன் பெராக்சைடில் நச்சு நீக்கிய ஒற்றைப் புரதத்தை மட்டுமே வைத்து ஊசி செய்தது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பகுதியில் நடந்த சோதனையில் அது 71 சதவீதம் காத்தது.

★

நச்சு முழுசாகப் போய்விட்டதா, இல்லை ஃபார்மலின் பிடி தளர்ந்து திரும்ப உயிர் பெறுகிறதா? இதற்கும் ஒரு எலிச் சோதனை இருந்தது. சாதாரண எலி ஹிஸ்டமைன் ஊசியைத் தாங்கும். பெர்டுசிஸ் நச்சு உடம்பில் ஏறிய எலி தாங்காது, செத்துப்போகும். எனவே தடுப்பூசியை 37 டிகிரியில் வாரக்கணக்கில் வைத்திருந்து, எலிக்குப் போட்டு, பிறகு ஹிஸ்டமைன் கொடுத்துப் பார்ப்பார்கள். இப்போது சீன வெள்ளெலியின் சூலகச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, நச்சு பட்டால் அவை கொத்துக் கொத்தாகக் கூடுகின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ஐரோப்பிய மருந்துத் தரநூல் எலியை விட்டு 2020-இல் இதற்கு மாறிவிட்டது. எலிகள் சார்பில் நன்றி.

★

இனி இந்தத் தொகுப்பின் மையத்துக்கு வருவோம். ஊசியில் வந்த புரதத்தை நம் பாதுகாப்புச் செல்கள் விழுங்கி, நொதிகளால் துண்டு போட்டு, அந்தத் துண்டுகளைத் தங்கள் மேல்பரப்பில் ஏந்திக் காட்டும். டி-செல்கள் அதைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்கும். இதற்கு ஆன்டிஜென் பதப்படுத்தல் என்று பெயர். தொழிற்சாலையில் ஒரு பதப்படுத்தல், உடம்புக்குள் இன்னொரு பதப்படுத்தல். முன்னது பின்னதைக் கெடுக்குமா?

கெடுக்கும் என்று 1994-இல் இத்தாலியின் சியன்னா நகரத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஃபார்மலின் பட்ட பெர்டுசிஸ் புரதங்களால் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் ரத்தச் செல்களை எடுத்தார்கள். அவற்றுக்கு முன்னால் அதே ஃபார்மலின் பட்ட புரதத்தை வைத்தால் டி-செல்கள் அநேகமாக அசையவே இல்லை. ஃபார்மலின் படாத அசல் புரதத்தை வைத்தால் துள்ளிப் பெருகின. செல்கள் புரதத்தை விழுங்காமல் இருந்ததால் அல்ல. விழுங்கிய பிறகு நொதிகளால் அதைச் சரியாக வெட்ட முடியவில்லை. ஃபார்மலின் போட்ட பாலங்கள் வெட்ட வேண்டிய இடங்களை இறுக்கிப் பிடித்திருந்தன. ஊசியில் எத்தனை மைக்ரோகிராம் என்று பெட்டியில் அச்சடிப்பது சுலபம். அதில் எவ்வளவை உடம்பால் துண்டு போட்டுப் படிக்க முடியும் என்பது எந்தப் பெட்டியிலும் இருக்காது.

★

இதற்கு மாற்று என்ன? நச்சைப் பிறகு நீக்குவதைவிட, நச்சில்லாமலே பிறக்க வைத்தால்? அதே சியன்னாவில் ரினோ ரப்புவோலி, மரியாகிராசியா பிட்சா குழு 1980-களின் இறுதியில் கிருமியின் மரபணுவில் இரண்டே இரண்டு மாற்றம் செய்தது. விஷத் துண்டின் 9-ஆவது இடத்திலும் 129-ஆவது இடத்திலும் அமினோ அமிலத்தை மாற்றினார்கள். விஷம் போயிற்று, வடிவம் அப்படியே. நிலைத்திருக்க மட்டும் மிகக் குறைவாக ஃபார்மலின் காட்டினார்கள்.

1990-களின் இத்தாலியச் சோதனையில் இதன் அருமை தெரிந்தது. வேதிமுறையில் நச்சு நீக்கிய ஊசியில் இந்தப் புரதம் 25 மைக்ரோகிராம்; மரபணு மாற்றிய ஊசியில் 5. இரண்டும் காத்தது 84 சதவீதம். ஐந்தில் ஒரு பங்கு சரக்கில் அதே பலன்! இவ்வளவு இருந்தும் காப்புரிமை, வியாபாரச் சிக்கல்களில் மாட்டி அந்த ஊசி சந்தையிலிருந்து மறைந்துபோனது. நல்ல சரக்கு எல்லாமே விலைபோவதில்லை.

★

மறைந்துபோன யோசனை மறுபடி முளைத்தது தாய்லாந்தில். பயோநெட்-ஆசியா நிறுவனத்தின் மரபணு மாற்றிய ஊசிக்கு 2016-இல் அந்நாட்டில் உரிமம் கிடைத்தது. வளரிளம் பருவத்தினரிடம் நடந்த சோதனையில், வழக்கமான வேதிமுறை ஊசியைவிட அதிக ஆன்டிபாடி. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அதுவே முன்னால் நின்றது.

★

முழுக் கிருமியை விட்டுச் சுத்திகரித்த புரதங்களுக்கு உலகம் மாறக் காரணம் ஜப்பான். 1974-75 குளிர்காலத்தில் முத்தடுப்பு ஊசிக்குப் பின் இரண்டு குழந்தைகள் இறந்தன. அரசு ஊசியை நிறுத்தியது. மறுபடி தொடங்கியபோது மக்கள் நம்பவில்லை. 1974-இல் ஜப்பானில் கக்குவான் நோயாளிகள் சில நூறு பேர்தான். 1979-இல் 13,000 பேருக்கு மேல், இறப்பு 41. ஊசிக்குப் பயந்தவர்கள் நோயிடம் மாட்டினார்கள்.

அப்போது யூஜி சாட்டோ, ஹிரோகோ சாட்டோ தம்பதி ஒரு வழி கண்டார்கள். கிருமி வளர்ந்த திரவத்தைச் சர்க்கரைக் கரைசலின் அடுக்குகளில் வைத்து அதிவேகமாகச் சுழற்றினால் எண்டோடாக்சின் ஒரு பக்கம், வேண்டிய புரதங்கள் ஒரு பக்கம் பிரிந்தன. புரதங்களை மட்டும் ஃபார்மலினில் பதப்படுத்தி 1981-இல் ஊசியாகக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் தனியார் ஆஸ்பத்திரிகளில் ‘பெயின்லெஸ்’ என்று கேட்டு வாங்கிப் போடுகிறோமே, அந்த ஊசியின் பாட்டன் இதுதான்.

★

ஸ்வீடன் 1979-இல் பழைய ஊசியை நிறுத்திவிட்டது. 1986-இல் ஜப்பானிய ஊசிகள் இரண்டை அங்கே சோதித்தார்கள். நச்சுப் புரதம் மட்டும் உள்ளது 54 சதவீதம் காத்தது. ஒட்டும் புரதமும் சேர்ந்தது 69 சதவீதம். போதாது என்று அதிகாரிகள் காத்திருந்தார்கள். ஸ்வீடன் குழந்தைகளுக்கு மறுபடி கக்குவான் ஊசி வழக்கமாகக் கிடைத்தது 1996-இல்தான். பதினேழு வருஷம்!

★

1990-களில் இத்தாலியிலும் ஸ்வீடனிலும் நடந்த பெரிய சோதனைகளில் ஒரு அதிர்ச்சி. ஒப்பீட்டுக்காக வைத்த அமெரிக்க முழுக் கிருமி ஊசி இத்தாலியில் 36 சதவீதம்தான் காத்தது, ஸ்வீடனில் 48. அந்த ஊசி எலி மூளைச் சோதனை உட்பட எல்லா விதிகளையும் தாண்டி உரிமம் வாங்கியிருந்தது. ஆனால் குழந்தைகளின் ரத்தத்தில் பெர்டுசிஸ் நச்சுக்கு எதிரான ஆன்டிபாடியைச் சொற்பமாகத்தான் உண்டாக்கியது. அதே காலத்தில் ஜெர்மனியிலும் செனகலிலும் சோதித்த வேறு முழுக் கிருமி ஊசிகள் 90 சதவீதத்துக்கு மேல் காத்தன.

எனவே ‘முழுக் கிருமி நல்லது’, ‘சுத்திகரித்தது நல்லது’ என்று பட்டிமன்றம் நடத்துவதில் அர்த்தம் இல்லை. எந்தத் தொழிற்சாலை, எந்த முறை என்று கேட்க வேண்டும். எலியிடம் பாஸ் ஆனது குழந்தையிடமும் பாஸ் ஆகும் என்று எழுதிக்கொடுக்க முடியாது.

★

2014-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் பபூன் குரங்குக் குட்டிகளுக்கு ஊசி போட்டுப் பிறகு கக்குவான் கிருமியைக் கொடுத்தார்கள். இரண்டு வகை ஊசியும் நோயைத் தடுத்தன. ஆனால் தொண்டையில் கிருமி தங்கிய நாள் கணக்கு வேறு கதை சொன்னது. முழுக் கிருமி ஊசி போட்டவற்றில் சுமார் 18 நாளில் கிருமி காலி. ஊசியே போடாதவற்றில் சுமார் 30. சுத்திகரித்த ஊசி போட்டவற்றில் சுமார் 35! இருமலே இல்லாத அந்தக் குட்டி பக்கத்துக் குட்டிக்கும் கிருமியைக் கொடுத்தது. சுத்திகரித்த புரதமும் அலுமினிய உப்பும் சேர்ந்து ஆன்டிபாடியை நன்றாகக் கூட்டுகின்றன. கிருமியைத் தொண்டையிலிருந்து விரட்டும் டி-செல் வகையைப் போதுமான அளவு எழுப்புவதில்லை.

★

கலிஃபோர்னியாவில் 2010-இல் 9,000 பேருக்கு மேல் கக்குவான். பத்துக் கைக்குழந்தைகள் இறந்தன. பிறகு நடந்த ஆய்வில், சுத்திகரித்த ஊசியின் ஐந்தாவது டோஸுக்குப் பின் ஒவ்வொரு வருஷமும் நோய் வரும் வாய்ப்பு 42 சதவீதம் ஏறுவது தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வேறொன்று தெரிந்தது: முதல் டோஸ் முழுக் கிருமியாக இருந்த பிள்ளைகளுக்கு, பிறகு எதைப் போட்டிருந்தாலும், நோய் குறைவு. உடம்பு முதலில் கற்ற பாடம் லேசில் மறப்பதில்லை.

★

கிருமியும் சும்மா இல்லை. சுத்திகரித்த ஊசிகளில் உள்ள பெர்டாக்டின் என்ற புரதத்தையே கைகழுவிவிட்ட கிருமி வகைகள் பிரான்ஸ், ஆஸ்திரேலியா, அமெரிக்கா எங்கும் பரவியிருக்கின்றன.

★

தொழிற்சாலையில் ஆயிரம் பக்குவம் பார்த்துச் செய்த ஊசியை ஒரே ராத்திரியில் கெடுக்க முடியும். உறைய விட்டால் போதும். கக்குவான் அடங்கிய ஊசிமருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்தால் புரதத்தைத் தாங்கியிருக்கும் அலுமினியத் துகள்கள் கட்டியாகிவிடும். திரும்ப உருக்கினாலும் பழைய நிலைக்கு வராது, வீரியமும் வராது.

சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குலுக்கிப் பார்க்கும் சோதனை உண்டு. அதே தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து உருக்குவார்கள். அதையும் சந்தேகக் குப்பியையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி மேஜையில் வைத்து, அரைமணி நேரம் வரை பார்ப்பார்கள். உறைந்தது அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் படிந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். கிராம சுகாதாரச் செவிலியர் தோளில் மாட்டி வரும் பெட்டியில் வைக்கும் ஐஸ் பாக்கெட்டைக்கூட ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் உள்ளே வைக்கக் கூடாது. மேலே நீர் முத்து கோத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்ட பிறகே வைக்க வேண்டும். அவசரத்தில் அந்தச் சில நிமிஷம் காத்திருக்கும் செவிலியரின் பொறுமை, வீரியக் கணக்கில் எந்தப் பத்தியிலும் வராது. ஆனால் அதுவும் கணக்குதான்.

★

குன்னூர் என்றால் டீத்தூளும் மலை ரயிலும் மட்டுமல்ல. 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் அங்கேதான் இருக்கிறது. நாய்க்கடி ஊசிக்குப் பேர்போன இடம். நாட்டின் முத்தடுப்பு ஊசித் தேவையில் ஒரு பங்கையும் அது சுமந்தது. உற்பத்தித் தரவிதிகளைக் காரணம் காட்டி 2008 ஜனவரியில் குன்னூர், கிண்டி, கசௌலி ஆகிய மூன்று அரசு நிலையங்களின் உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2010-இல் அந்தத் தடை நீங்கியது. நச்சு நீக்குவது, கிருமி வளர்ப்பது எல்லாம் கைப்பழக்கம் சேர்ந்த வேலை. அப்படிப்பட்ட கூடத்தைப் பூட்டுவது சுலபம், திறப்பது கஷ்டம்.

★

ஒரே ஊசியில் ஐந்து நோய்க்குத் தடுப்பு தரும் பென்டாவேலன்ட், இந்தியாவில் முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்; 2011 டிசம்பரில். அதில் இருப்பதும் முழுக் கிருமிக் கக்குவான்தான். அரசு ஊசியில் காய்ச்சல் வருகிறது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: முழுக் கிருமி ஊசி பயன்படுத்தும் நாடுகள் குழந்தையின் முதல் மூன்று டோஸுக்கு அதையே தொடர வேண்டும் என்பது 2015-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நிலைப்பாடு. ஒரு நாள் காய்ச்சல், கூடுதல் வருஷப் பாதுகாப்பு. என்னைக் கேட்டால் லாபமான பேரம்.

★

சுத்திகரித்த ஊசிக்கும் பெருமை உண்டு. அதைக் கர்ப்பிணிக்குப் போடலாம். தாயின் ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியாகச் சிசுவுக்குப் போகும். பிரிட்டனில் 2012 அக்டோபரில் தொடங்கிய இந்தத் திட்டம், ஊசி போடும் வயது வராத பச்சிளம் குழந்தைகளை ஏறத்தாழ 90 சதவீதம் காத்தது. அந்த வயதில் குழந்தை சில நேரம் ‘கக்... கக்...’ என்று இருமக்கூடச் செய்யாது; மூச்சு நின்று நீலம் பாரித்துவிடும்.

★

2014-ஆம் ஆண்டுக்கான ஒரு மதிப்பீட்டின்படி, உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 2.41 கோடிக் குழந்தைகளுக்குக் கக்குவான் வந்தது, சுமார் 1.6 லட்சம் பேர் இறந்தார்கள். போன நூற்றாண்டு நோய் என்று நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

★

நம் நாட்டில் கக்குவான் அடங்கிய ஊசி பிறந்த 6, 10, 14 வாரங்களில் மூன்று டோஸ்; 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு பூஸ்டர்; 5 முதல் 6 வயதுக்குள் இன்னொன்று. முதல் மூன்றையும் பெரும்பாலானவர்கள் மறப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு வரும் அந்தக் கடைசி பூஸ்டரைத்தான் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் அந்த வயதில் பிள்ளை இருந்தால் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். கட்டம் காலியாக இருந்தால் வருகிற புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய்ப் போட்டுவிடுங்கள். காசு கிடையாது.